தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பாடற்குழுவும் அது நடந்த வழிகளும்

நூல் ஓரிடத்திருந்து தன்னைக் கற்பாரை எதிர்நோக்கும். பாட்டோ தானே நடந்து சென்று கேட்பாரைத் தேடும். பண்டைப் பாணரும் விறலியரும் யாழ் சுமந்து ஊர்தோறும் சென்றனர். சைவ சமய குரவரும் ஆழ்வாரும் தலந்தோறும் சென்று பாடினர். நடந்து பாடும் இத்தமிழ் மரபிலே கிறிஸ்தவ அன்பர்க்கும் ஒரு பங்கு உண்டு. அப்பங்கின் வரலாற்றை, அதில் முதன்மை பெற்ற ஒரு பாடற்குழுவை நடுவாக வைத்து, நம் சங்கத்து அன்பர்க்கு ஒருவாறு எடுத்துரைக்க விழைகின்றோம். நம் சங்கத்திலே சைவரும் வைணவரும் கிறிஸ்தவரும் உளர். ஒருவர் வீட்டுச் செல்வத்தை மற்றவர் அறிந்து மகிழ்தல் உறவினர்க்கு அழகன்றோ?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களில் வாழும் நம்மவர் ஆண்டுதோறும் மார்கழி பிறக்கும் நாட்களில் ஒரு பாட்டொலியைக் கேட்டிருப்பர். இரவு ஒன்பது பத்து மணியளவில், தேவாலயப் பாடகர் குழுவினர் இருபது முப்பது பேர் கைவிளக்கும் பாட்டுப் புத்தகமுமாகத் தெருவில் நுழைவர். சபையார் ஒருவர் வீட்டு வாசலில் நின்று, முதலில் ஐரோப்பிய மெட்டில் அமைந்த பாமாலைப் பாட்டு ஒன்று பாடுவர். நான்கு குரல்கள் நான்கு வழியே சென்று ஈற்றில் ஒன்றுசேரும். அடுத்துக் கீர்த்தனை ஒன்று எழும். அதிலே பல்லவி உண்டு, அனுபல்லவி உண்டு, சரணம் உண்டு. அதன் தாளக்கட்டு நம் பஜனை மடங்களை நினைப்பூட்டும். வீட்டார் தேநீரும் பலகாரமும் கொடுப்பர். மூப்பர் ஒருவர் ஜெபம் சொல்லுவர். குழு அடுத்த வீட்டுக்கு நடக்கும்.

இவ்வூர்களில் இக்குழுக்கள் பெருகியது அண்மைக் காலத்தேயாம். 1955-ஆம் ஆண்டு பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை தோன்றிற்று. அதனையடுத்த பத்தாண்டில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. திருநெல்வேலி, நாகர்கோவில், தஞ்சாவூர், வேலூர்ப் பக்கங்களினின்றும் வேலை நாடி வந்த கிறிஸ்தவக் குடும்பத்தார் துணிமணியோடு கீர்த்தனைப் புத்தகத்தையும் கொண்டு வந்தனர். ஊர் புதிது, வீடு புதிது, பாட்டு மட்டும் பழையது. அப்பழம்பாட்டின் ஊற்றுக்கண்ணைத் தேடிச் செல்வோமாயின், வழி நம்மைத் தஞ்சாவூருக்குக் கொண்டு சேர்க்கும்.

தரங்கை தந்த பாட்டு

1706-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9-ஆம் நாள் சீகன்பால்கு, புளூட்சோ என்னும் ஜெர்மானியப் பாதிரிமார் இருவர் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். தமிழகத்தில் புரொட்டஸ்டாண்டுச் சபையின் தோற்றம் அது. சீகன்பால்கு ஐயர் தமிழ் கற்றார், அச்சகம் நிறுவினார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார், 1718-இல் புதிய எருசலேம் ஆலயத்தையும் எழுப்பினார். வழிபாட்டிலே பாடுவதற்குத் தம் நாட்டு ஞானப்பாட்டுகளையே தமிழாக்கித் தந்தார். மெட்டும் அந்நாட்டு மெட்டே.

இங்கே ஓர் இடர் நேர்ந்தது. ஜெர்மானியப் பாட்டு, அழுத்திச் சொல்லும் அசையும் தளர்த்திச் சொல்லும் அசையும் மாறி வரும் நடையது. தமிழ்ப் பாட்டோ குறில் நெடில் அளவிலும் எதுகை மோனையிலும் நடப்பது. ஒருவர் சட்டையை மற்றொருவர்க்கு மாட்டினால் ஓரிடம் தொங்கும், ஓரிடம் இறுகும். நெடில் நின்று ஒலிக்கவேண்டிய இடத்தில் மெட்டு விரைந்தோடிற்று. குறிலின்மேல் மெட்டு நீண்டு நின்றது. சென்னை வேப்பேரியில் பல்லாண்டு தொண்டாற்றிய பெப்ரிசியுஸ் ஐயர் (1711–1791) இக்குறையைப் பெரிதும் களைந்து, செவ்விய மொழிபெயர்ப்புகள் பலவற்றைச் செய்தார். 1761-இல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைக் கைப்பற்றியபோது கிடைத்த அச்சியந்திரம் அவர் பொறுப்பில் வந்தமையால், வேப்பேரி தமிழ் அச்சுக்கு ஒரு நிலைக்களமாயிற்று. இன்றும் பாமாலையில் அவர் கைபட்ட பாட்டுகள் பாடப்படுகின்றன.

எனினும் இவ்வகைப் பாட்டு ஆலயச் சுவருக்குள்ளே தங்கும் இயல்புடையது. அதனைப் பாடுவார்க்கு எழுத்தறிவு வேண்டும்; கையில் புத்தகம் வேண்டும்; மெட்டை நினைப்பூட்ட ஆர்கன் என்னும் கருவியோ, பழகிய ஆசிரியரோ வேண்டும். எழுத்தறியாக் குடியானவன் ஒருமுறை கேட்டுப் பின் வயல்வரப்பில் பாடிக்கொண்டு போவதற்கு அது இடங்கொடாது. அதற்கு இடங்கொடுக்கும் பாட்டு ஒன்று பிறக்கவேண்டியிருந்தது.

தஞ்சையில் வளர்ந்த சிறுவன்

வேதநாயகர் 1774-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையிலே வேளாளர் மரபிற் பிறந்தார். தந்தையார் அருணாசலம் பிள்ளை; கிறிஸ்தவரான பின் தேவசகாயம் எனப் பெயர் பெற்றவர். திருநெல்வேலிக்கு வந்த சுவார்ட்ஸ் ஐயர் சிறுவனின் கூர்த்த அறிவைக் கண்டு, தம்முடன் தஞ்சைக்கு அழைத்துச் சென்று மாணவனாக வளர்த்தார். தஞ்சை அரசிளங்குமரர் சரபோஜியும் சுவார்ட்ஸ் ஐயரின் பாதுகாப்பில் வளர்ந்தவரே. ஒரே ஆசிரியரின் நிழலில் வருங்கால அரசரும் வருங்காலக் கவிராயரும் பயின்றமை நினைக்கத்தக்கது. பின்னர் வேதநாயகர் தரங்கம்பாடி சென்று, அங்கிருந்த ஜான் முதலிய பாதிரிமாரிடத்து வேதசாத்திரத்தோடு வானநூல், பூகோளம், உடற்கூறு முதலிய மேனாட்டுக் கலைகளையும் கற்றார். ஏறக்குறைய இருபது வயதிலேயே தஞ்சை மிஷன் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராயினார்.

அக்காலத் தஞ்சையை அன்பர் மனக்கண்ணிற் காண்க. திருவையாற்றிலே தியாகராஜ சுவாமிகள் பாடிக்கொண்டிருந்தார். தஞ்சை மேலவீதியிலே சியாமா சாஸ்திரிகள் வாழ்ந்தார். திருவாரூரிற் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் வேதநாயகருக்கு ஓராண்டே இளையவர். அரண்மனையிலும் கோயில்களிலும் நாட்டியமும் குறவஞ்சியும் நாளும் நிகழ்ந்தன. காவிரி பாயும் அந்நாட்டில் பாட்டும் உடன் பாய்ந்தது. அவ்வூரிலே ஒருவர் கிறிஸ்துவின் கதையைத் தமிழர்க்குச் சொல்லக் கருதினால், ஜெர்மானிய மெட்டைத் தேடிப் போவானேன்? காதில் விழுந்த இராகத்தையும் தாளத்தையுமே வேதநாயகர் கைக்கொண்டார்.

குறவஞ்சியும் குழுவும்

1800-ஆம் ஆண்டளவில் அவர் இயற்றியது பெத்லகேம் குறவஞ்சி. திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சி அவர் பிறந்த சீமையில் ஓங்கிய புகழுடையது. அந்நூலின் அமைப்பை இவர் எடுத்துக்கொண்டு பொருளை மாற்றினார். தலைவி, திருச்சபையின் உருவகமாகிய தேவமோகினி. அவளுக்குக் குறி சொல்ல வருபவள் விசுவாசக் குறத்தி. பறவை பிடிக்கும் சிங்கன், ஆன்மாக்களைத் தேடிச் செல்லும் ஞானச் சிங்கன் ஆயினான். மலைவளமும் நாட்டுவளமும் கூறும் இடங்களிலே, சூரியனை நடுவாகக் கொண்டு கோள்கள் சுற்றும் புதிய வானநூலையும் உலகத்துக் கண்டங்களின் அமைப்பையும் புகுத்திப் பாடினார். தரங்கையில் கற்ற கல்வி, குறத்தி வாயிலாகத் தமிழ்ப் பொதுமக்கள் செவிக்கு எட்டிற்று.

இதனையன்றி, நோவாவின் பேழையைப் பாடும் ஞானத்தச்ச நாடகம், ஞானக் கும்மி, ஞான ஏற்றப்பாட்டு, பராபரன் மாலை, சென்னப்பட்டணப் பிரவேசம் முதலிய நூல்களையும், தனிக் கீர்த்தனைகள் பலவற்றையும் இயற்றினார். இப்பெயர்களை அன்பர் சற்று நின்று நோக்குக. கும்மி, பெண்கள் முற்றத்தில் கைகொட்டிப் பாடுவது. ஏற்றப்பாட்டு, கிணற்றடியில் நீர் இறைப்போன் சால் எண்ணிப் பாடுவது. குறவஞ்சி, குறிசொல்லி வாழும் குறத்தியின் பெயரால் வழங்குவது. இவை யாவும் உழைக்கும் மக்களின் பாட்டு வடிவங்கள். கவிராயர் ஞானப்பொருளை வைப்பதற்குத் தேர்ந்தெடுத்த கலங்கள் இவையே. இதனைப் பின்னர்க் கூறப்போகும் செய்தியின்பொருட்டு நினைவிற் கொள்க.

நாடகம் எழுதினால் போதாது. நடித்துப் பாடுவார் வேண்டும். சாஸ்திரியார் தம் மாணாக்கரையும் தம் குடும்பத்தாரையும் பழக்கி ஒரு பாடற்குழுவை அமைத்தார். தலைவர் ஓரடி பாடுவார்; குழுவினர் வாங்கிப் பாடுவர்; சரணம் முடிந்தவுடன் பல்லவிக்கு யாவரும் திரும்புவர். பல்லவி மீண்டும் மீண்டும் வருதலின், கேட்பவன் மூன்றாம் சரணம் வருமுன் அதனைத் தானே கற்றுவிடுகின்றான். புத்தகம் வேண்டா, ஆர்கன் வேண்டா, தாளம் போடக் கை இருந்தாற் போதும். பாட்டு வழிநடப்பதற்குரிய உபாயம் இவ்வமைப்பிலேயே அடங்கியிருந்தது. பாட்டுக்கிடையே கதையும் விளக்கமும் வசனமாக வரும். பிற்காலத்துக் கதாகாலட்சேபத்துக்கு ஒத்த முறை இது.

குழு தஞ்சையில் மட்டும் தங்கவில்லை. தரங்கம்பாடி, திருச்சிராப்பள்ளி, திருநெல்வேலி, சென்னை வேப்பேரி எனச் சபைகள் இருந்த ஊர்களுக்கெல்லாம் சென்று பாடிற்று. தஞ்சையினின்று சென்னைக்கு இருநூறு மைலுக்கு மேலாகும். தென்னாட்டின் முதல் ரயில், ராயபுரத்தினின்று ஆவடி வழியே வாலாஜாவுக்கு ஓடியது 1856-ஆம் ஆண்டிலேயாம். அப்போது சாஸ்திரியாருக்கு எண்பத்திரண்டாம் வயது நடந்தது. ஆதலின் அவர் இளமைப் பயணங்கள் யாவும் கட்டை வண்டியும் கால்நடையுமாகவே நிகழ்ந்தன என்பது சொல்லாமலே விளங்கும். சென்ற ஊர்ச் சபையார் அவரைச் சுவிசேஷக் கவிராயர், வேதசிரோமணி, ஞானதீபக் கவிச்சக்கரவர்த்தி எனப் பட்டங்கள் கூறிப் போற்றினர். வேப்பேரியிலே பெப்ரிசியுஸ் ஐயரின் பாமாலைப் பாட்டும் சாஸ்திரியாரின் கீர்த்தனையும் ஒரே சபையாரின் நாவில் வந்து கூடின. இன்று நம் தெருவிலே ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும் அவ்விரண்டும் இருநூறாண்டுகட்கு முன்னரே அங்கே கைகோத்தன என்க.

நான்கு கொடுமைகள் என்ற முறையீடு

இனிக் கூறுவது இவ்வரலாற்றின் நெருடலான பகுதி. பெரியார் வரலாறு எழுதுவோர் இதனைத் தாண்டிச் செல்லுதல் உண்டு. யாம் அங்ஙனம் செய்யத் துணியோம்.

1798-இல் சுவார்ட்ஸ் ஐயர் காலமானார். அவர் தலைமுறைப் பாதிரிமார், சபைக்குள் சாதி வேற்றுமையை மெல்லத் தேயும் என்று விட்டுவைத்தனர். ஆலயத்திலே வேளாளர் முதலியோர் ஒருபுறமும் ஆதிதிராவிடர் மற்றொருபுறமும் அமர்ந்தனர். திருவிருந்தின் பாத்திரமும் முன்னவர்க்கு முந்தியும் பின்னவர்க்குப் பிந்தியும் சென்றது. 1820-களில் வந்த புதிய பாதிரிமார் இதனைப் பொறுத்திலர். அவர்களுள் ஹாபுரோ என்பவர் தஞ்சையில் உறுதியாக நின்றார். யாவரும் கலந்து அமர்தல் வேண்டும் என்றனர். அத்துடன் பழைய வழக்கங்கள் பலவற்றையும் புறச்சமயச் சாயல் என்று விலக்கத் தலைப்பட்டனர்.

சாஸ்திரியார் வெகுண்டெழுந்தார். புதிய பாதிரிமார் இழைத்த கொடுமைகள் நான்கு என எண்ணி முறையிட்டார். பெப்ரிசியுஸ் ஐயரின் வேத மொழிபெயர்ப்பை மாற்றியது ஒன்று. வெவ்வேறு சாதியாரைக் கட்டாயமாக ஒருங்கே இருத்தியது ஒன்று. மணத்திலும் பிற சடங்கிலும் மலர்களை விலக்கியது ஒன்று. தமிழ்ப் பாட்டையும் இசையையும் வழிபாட்டினின்றும் விழாக்களினின்றும் நீக்கியது ஒன்று. இவ்வாறு நான்கினையும் ஒரே தட்டில் வைத்துப் பேசினார். சாதி என்பது உலகியல் ஒழுங்கே, மோட்சத்துக்குத் தடையாவதன்று என்பது அவர் வாதம். 1829-இல் அவ்வாதத்தை விரிவாக எழுதியும் வைத்தார்.

1826-ஆம் ஆண்டு ஹீபர் அத்தியட்சர் தஞ்சைக்கு வந்தார். ஈஸ்டர் நாள் மாலைத் தமிழ் ஆராதனையிலே கலந்து, ஆசியுரையைத் தாமே தமிழிற் கூறினார். இவ்வழக்கை அவர் பொறுமையுடன் விசாரிக்கத் தொடங்கினார். ஆயின் அவ்வாண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் திடீரென இறந்தார். 1833-இல் வில்சன் அத்தியட்சர், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே, முற்றாக, என்றென்றைக்கும் ஒழிதல் வேண்டும் என்று நிருபம் விடுத்தார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் நூற்றுக்கணக்கானோர் சபையைவிட்டு வெளியேறினர். சாஸ்திரியாரும் மிஷன் பதவியை இழந்து அப்பிரிவினருடன் நின்றார். பழைய பள்ளித் தோழராகிய சரபோஜி மன்னர், 1832-இல் காலஞ்செல்லும் வரை அவரை ஆதரித்தார்.

இவ்வழக்கைப் பற்றி யாம் கருதுவதை ஒளியாது கூறுவோம். நான்கு முறையீடுகளில் மலரைப் பற்றியதும் பாட்டைப் பற்றியதும் முற்றும் நியாயமானவை. தன் மொழியிலும் தன் இராகத்திலும் இறைவனைப் பாடுதல் மனிதனுக்கு இயல்பாய உரிமை. அதனை விலக்கியவர் தமிழர் உள்ளத்தை அறியாதவர். வேத மொழிபெயர்ப்பைப் பற்றியது புலவர்கள் தம்முள் ஆராய்ந்து தீர்க்கத்தக்கது. ஆனால் அருகில் அமர மாட்டோம் என்ற முறையீடு எவ்வகையிலும் நிற்காது. ஏற்றம் இறைப்போன் பாட்டை எடுத்துக்கொள்ளலாம். ஏற்றம் இறைப்போன் பக்கத்தில் அமரலாகாதோ? விசுவாசத்தைக் குறத்தியாக உருவகம் செய்து, தலைவியின் வருங்காலத்தையே அவள் வாயால் உரைப்பித்த கவிராயர், உயிருள்ள குறத்தி ஒருத்தி ஆலயத்துள் வந்தால் எந்தப் பாயில் அமர்த்துவார்? அவர் பாட்டே அவர் வாதத்துக்கு எதிர்ச்சான்று பகர்கின்றது.

புதிய பாதிரிமாரும் பிழையற்றவர் அல்லர். வேற்றுமையை ஒழிக்க வந்தவர், அதனோடு பாட்டையும் மலரையும் பிணைத்து ஒழிக்க முற்பட்டமையால், நல்லதற்கும் தீயதற்கும் ஒரே முடிச்சு விழுந்தது. தம் பாட்டைக் காக்க விரும்பியவர் தம் இருக்கையையும் காக்க எழுந்தனர். இரண்டையும் பிரித்துக் காணும் தெளிவு அக்காலத்து இருசாரார்க்கும் வாய்க்கவில்லை.

மதுரையில் அவிழ்ந்த முடிச்சு

அம்முடிச்சு அவிழ்ந்த இடம் மதுரைச் சீமை. அங்கே பணியாற்றியது அமெரிக்க மிஷன். சாதி விஷயத்தில் அவர்கள் பிறரினும் கண்டிப்பானவர்கள். யாவரோடும் ஒருங்கிருந்து உண்ணாதவர் சபையிலும் வேலையிலும் நீடிக்கலாகாது என்று 1847-இல் விதித்தனர். உபதேசிமார் பலர் அதனால் விலகினர். அத்தகைய மிஷனைச் சேர்ந்த வெப் ஐயர், தமிழ்க் கீர்த்தனையின் அருமையை நன்குணர்ந்தவர். ஐரோப்பிய மெட்டுப் பாட்டிலே வாய் திறவாத கிராமச் சபையார், கீர்த்தனை எழுந்தவுடன் உள்ளம் மலர்ந்து பாடுவதைக் கண்டவர். அவர் 1853-இல் கீர்த்தனைத் திரட்டு ஒன்றை அச்சிட்டார். அதன் பெரும்பகுதி சாஸ்திரியாரின் பாட்டுகளே.

இதனினும் வியப்பான முடிவு ஒரு கதையில் வருமோ? இருக்கையைப் பற்றிய வழக்கில் சாஸ்திரியாருக்கு முற்றும் மாறுபட்டு நின்றவர்களே, பாட்டைப் பற்றிய வழக்கில் அவருக்கு வெற்றி தந்தனர். ஒருங்கிருந்து உண்ணும் சபைகளிலே அவர் கீர்த்தனை ஒலித்தது. பலவகைக் குலத்தாரும் ஒரே பல்லவியை ஒரே மூச்சில் எடுத்துப் பாடினர். முதியவராகிய கவிராயர் தம் பாட்டு அச்சேறி ஊர்தோறும் பரவுவதைக் காணும் பேறு பெற்று, 1864-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள், தொண்ணூறாம் வயது நடக்கும்போது காலமானார். சாஸ்திரியார் என்ற பட்டத்தையும் காலட்சேபப் பாட்டையும் அவர் மரபினர் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வந்தனர்.

பின்வந்த குழுக்கள்

கீர்த்தனைப் புத்தகம் கிடைத்தபின், குழுக்கள் பல தோன்றின. ஈரோட்டில் தங்கிய லண்டன் மிஷனைச் சேர்ந்த பாப்லி ஐயர் (1878–1960) கருநாடக இசையை முறையாகக் கற்றார். பிடில், மிருதங்கம், தாளம் ஆகியவற்றோடு கொங்குநாட்டுக் கிராமங்களிலே இரவு வேளையில் கதாகாலட்சேபம் செய்யும் குழுக்களைப் பழக்கினார். 1914-இல் எல். ஐ. ஸ்டீபன் என்பாருடன் சேர்ந்து அம்முறைக்கு ஒரு கைந்நூலும் வெளியிட்டார். இவரே 1921-இல் இந்திய இசையைப் பற்றி ஆங்கில நூல் எழுதியவர். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலமாக்கியவரும் இவரே. சாஸ்திரியாரின் காலத்தில் பாதிரிமார் விலக்கிய இசையை, நூறாண்டு கழித்து ஒரு பாதிரியாரே மாணவராக அமர்ந்து கற்றார்.

தஞ்சையிலேயே ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) தோன்றினார். மருத்துவத்தில் ஈட்டிய பொருளை இசையாராய்ச்சிக்குச் செலவிட்டார். 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவித் தம் ஊரில் இசை மாநாடுகளைக் கூட்டினார். 1917-இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். 1916-இல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டுக்குத் தம் புதல்வியரையும் அழைத்துச் சென்றார். சுருதிகளைப் பற்றிய தம் கொள்கையை அவர்கள் பாடியும் வீணையில் இசைத்தும் மெய்ப்பிக்கச் செய்தார். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றின் பாட்டு, சபை எல்லையைக் கடந்து நாட்டின் இசைப்புலவர் அவைக்குச் சென்ற பயணம் அது.

தோட்டத் தொழிலாளராகச் சென்ற தமிழரோடு கீர்த்தனை இலங்கைக்கும் மலாயாவுக்கும் கடல் கடந்தது. 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னை ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. ஆங்கிலச் சபையும், மெதடிஸ்டுச் சபையும், மதுரை அமெரிக்க மிஷன் சபையும் ஒரே திருச்சபையாயின. பழைய பாதிரிமாரின் பிணக்குகள் அன்று ஒருவாறு அடங்கின. அவற்றுக்கு முன்னரே அச்சபைகளை உள்ளத்தால் ஒன்றாக்கியிருந்தது அவை பொதுவாகப் பாடிய கீர்த்தனை.

நம்மூரும் நம் சங்கமும்

மீண்டும் நம் ஊர்களை நோக்குவோம். அம்பத்தூரிலும் ஆவடியிலும் இன்று பாடும் குழுக்களிலே, தொழிற்சாலை ஊழியரும் பள்ளி ஆசிரியரும் கல்லூரி மாணவரும் தோளொட்டி நிற்கின்றனர். யார் எந்தக் குலத்தவர் என்று பாட்டைக் கேட்டு ஒருவரும் அறிய இயலாது. மேற்குரல், கீழ்க்குரல் என்ற பகுப்பு உண்டு. அது தொண்டையின் அமைப்பால் வருவது. மேற்குரலினர் கீழ்க்குரலினரை விலக்கினால் பாட்டே இல்லை.

எனினும் எல்லாம் முற்றிற்று என்று யாம் சொல்லமாட்டோம். பாட்டில் ஒன்றுகூடும் வாய்கள், மணப்பந்தலில் குலம் கேட்கின்றன. சுடுகாட்டிலும் கல்லறையிலும் வேலி நிற்கும் ஊர்கள் தமிழகத்தில் இன்றும் உள. இது கிறிஸ்தவர்க்கு மட்டும் உரிய குறையன்று, எச்சமயத்தார்க்கும் உரியது, குலத்தின் பெயரால் சங்கம் வைத்திருக்கும் நமக்கு மிகவும் உரியது. சங்கம் கூடுவது, ஏழை மாணவர்க்குக் கல்வி உதவவும், நலிந்த குடும்பத்தைத் தாங்கவும், முன்னோர் வரலாற்றைப் பிழையின்றிப் பேணவுமாம். அயலாரை அகற்றும் வேலியாக அது மாறுமாயின், சாஸ்திரியாரின் இரண்டாம் முறையீட்டை நாமும் எழுதுகின்றோம் என்பது பொருள்.

புகழ்பெற்றாரை இன்னார் இன்ன குலத்தார் என்று எண்ணிப் பெருமை கொள்ளும் வழக்கம் நம் போன்ற சங்கங்களில் உண்டு. அவ்வழக்கைக் கைவிடுக என்று யாம் கூறவில்லை. பெருமையை எடுத்துக்கொள்வோர் அதனோடு வரும் பொறுப்பையும் எடுத்துக்கொள்க என்றே கூறுகின்றோம். சாஸ்திரியாரின் பாட்டை மட்டும் போற்றி அவர் வழக்கை மறைப்பது பொய். வழக்கை மட்டும் பேசிப் பாட்டை இகழ்வது நன்றிகேடு. இரண்டையும் ஒருங்கே நம் பிள்ளைகளுக்குச் சொல்லுதலே முறை. கவிதை ஒரு மனிதனைவிடப் பெரிதாக வளர்தல் கூடும் என்பதற்கு இவ்வரலாறு நல்ல சான்று.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் சங்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களிலே பாட்டன் பாட்டி வைத்துப்போன பழைய கீர்த்தனைப் புத்தகங்களும், இராகம் தாளம் குறித்த கையெழுத்து ஏடுகளும் பெட்டிகளில் உறங்குதல் கூடும். அவற்றைச் செல்லுக்கு இரையாக்காது வெளிக்கொணர்க. முதியோர் நாவில் மட்டும் வாழும் பழைய மெட்டுகளை இளைஞர் இப்போதே பாடிப் பதிந்து வைத்துக்கொள்க. புதிய கருவிகளின் ஓசையில் பழைய இராகம் மறைந்துபோகின்றது. மறைந்தபின் அதனைத் தேடித் தருவார் இலர். கிறிஸ்தவரல்லாத அன்பர், மார்கழி இரவில் பாடற்குழு தம் தெருவுக்கு வருங்கால் வாசல் விளக்கை ஏற்றி நின்று கேட்க. அதே மார்கழியில் வைகறையில் திருப்பாவையும் திருவெம்பாவையும் பாடிவரும் குழுவைக் கிறிஸ்தவ அன்பரும் அவ்வாறே கேட்க. இவ்விரு குழுக்களும் நடப்பது நம் தெரு ஒன்றிலேதான். அத்தெருவை யாவர்க்கும் திறந்து வைப்பது நம் கடன்.